ரிமோட்டை முடக்கும் மின்சுற்று: செய்யலாமா, கூடாதா?

ஒரு 555 டைமர் சில்லு, ஓர் அகச்சிவப்பு எல்இடி, சில மின்தடைகள், மின்தேக்கி, 9 வோல்ட் மின்கலம். தேக்காவிலிருந்து நடந்தே போகக்கூடிய சிம் லிம் டவரில் எல்லாம் வாங்கலாம். இவற்றை வைத்து, தொலைக்காட்சி ரிமோட்டை வேலை செய்யவிடாமல் தடுக்கும் சுற்றை அமைத்துவிடலாம். “பிள்ளைகளுக்குக் குறும்பு கற்றுக்கொடுப்பதா?” என்று ஆசிரியர்கள் சிலர் கேட்பார்கள். தாராளமாகச் செய்யுங்கள் என்பதே என் கருத்து. உங்கள் வீட்டில், உங்கள் தொலைக்காட்சியில், வீட்டாரிடம் சொல்லிவிட்டு.

இதைவிட நன்றாக ‘சைகை’ என்பதை விளக்கும் சுற்று எனக்குத் தெரிந்து குறைவு. 1955இல் ஸெனித் நிறுவனத்தின் யூஜீன் பாலி உருவாக்கிய ‘ஃபிளாஷ்மேட்டிக்’ ரிமோட், கண்ணுக்குத் தெரியும் ஒளியைப் பாய்ச்சியது. சன்னல் வழியே வெயில் விழுந்தாலும் தொலைக்காட்சி தானாக இயங்கத் தொடங்கிவிடும். மறு ஆண்டே ராபர்ட் ஆட்லரின் மீயொலி ரிமோட் வந்தது. இன்றைய ரிமோட் மறுபடியும் ஒளிக்கே திரும்பியிருக்கிறது; ஆனால் அகச்சிவப்பை நொடிக்கு ஏறத்தாழ 38,000 முறை சிமிட்டி அனுப்புகிறது. அந்த வேகத்தில் சிமிட்டாத வெயிலை ஏற்பி கண்டுகொள்வதில்லை.

நம் சுற்றும் அதே வேகத்தில் சிமிட்டுகிறது. அதிக வெளிச்சத்தால் ரிமோட்டை அடக்குகிறோம் என்று மாணவர்கள் பலர் நினைப்பதுண்டு. பரவலாகப் பயன்படும் என்இசி முறையில், துடிப்புகளுக்கு நடுவே உள்ள இடைவெளிதான் செய்தி. இடைவெளி சுமார் 0.56 மில்லிநொடி என்றால் 0, சுமார் 1.69 என்றால் 1. நம் எல்இடி அந்த இடைவெளிகளை நிரப்பிவிடுகிறது. இருவர் பேசும்போது மூன்றாமவர் மூச்சுவிடாமல் “ஆ…” என்று இழுப்பதைப் போல.

ஏற்பியும் லேசுப்பட்டதல்ல. ஓயாமல் ஒரே சைகை வந்தால், அதை இரைச்சல் என்று கணித்துத் தன் உணர்திறனைக் குறைத்துக்கொள்ளும். அப்போது ரிமோட்டை அருகில் கொண்டுபோய் அழுத்தினால் சில நேரம் வேலை செய்யும். எத்தனை சென்டிமீட்டரில் செய்கிறது? மாற்றத்தக்க மின்தடையைத் திருப்பி 38,000ஐ 33,000 ஆக்கினால் என்னாகும்? அளந்து வரைபடம் போடுங்கள். முடக்கிவிட்டுச் சிரிப்பதோடு நிறுத்துபவர்கள் இந்தச் சுவையான பகுதியைத் தவறவிடுகிறார்கள். எல்இடியை மட்டும் கண்ணருகே வைத்துப் பார்க்காதீர்கள். அகச்சிவப்புக்கு நம் கண் கூசாது, இமையும் மூடாது.

காப்பிக்கடைக்கு இதை எடுத்துப்போகலாமா? 2008இல் லாஸ் வேகஸ் மின்னணுக் கண்காட்சியில் தொழில்நுட்பச் செய்தியாளர்கள் சிலர், மிட்ச் ஆல்ட்மன் கண்டுபிடித்த ‘டிவி-பி-கான்’ கருவியால் திரைகளை அணைத்து விளையாடினார்கள். மேடையில் பேசிக்கொண்டிருந்தவர்களுக்கு அது விளையாட்டாகப் படவில்லை. அவர்களில் ஒருவருக்குக் கண்காட்சியில் நுழையவே தடை விதிக்கப்பட்டது. புழுக்கமான இரவில் ஏர்கான் ரிமோட் ஏன் வேலை செய்யவில்லை என்று புரியாமல் தடுமாறும் பாட்டியையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு உள்ள பெரிய கவலை வேறு. இது வெற்றி பெற்றதும், “அடுத்து கைப்பேசியை முடக்கலாமே” என்று ஒருவருக்குத் தோன்றும். இயற்பியலில் இரண்டும் மின்காந்த அலைகள்தான். ஆனால் அகச்சிவப்பு உங்கள் அறைச் சுவரோடு நின்றுவிடும். வானொலி அலை சுவரைத் தாண்டிப் பக்கத்து வீட்டுக்கும் போகும். அங்கே ஒருவர் 995ஐ அழைத்துக்கொண்டிருக்கலாம். வானொலி அலைகளை முடக்கும் கருவிகள் சிங்கப்பூரில் தடைசெய்யப்பட்டவை. இணையத்தில் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிவிடாதீர்கள்.

அந்த ஆர்வத்தை எதிர்ப்பக்கம் திருப்பலாம். என்இசி முறை ஒவ்வொரு கட்டளையையும் நேராக ஒருமுறை, 0, 1 ஆகியவற்றை இடம்மாற்றித் தலைகீழாக ஒருமுறை அனுப்புகிறது. இரண்டும் பொருந்தாவிட்டால் ஏற்பி அதை ஒதுக்கிவிடும். தவறைக் கண்டுபிடிக்க இது போதும், முடக்கத்தை வெல்லப் போதாது. உங்களில் ஒருவர் முடக்கும் சுற்றைச் செய்யட்டும். அதையும் மீறிக் கட்டளையைக் கொண்டுசேர்க்கும் ரிமோட்டை இன்னொருவர் வடிவமைக்கட்டும். இரண்டாமவரின் வேலைதான் கடினம்.