ஆழ்கடலுக்கும் கேட்கட்டும் எச்சரிக்கை

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை என்று வரிசையாகக் கடற்கரை ஊர்கள். சுறாவும் சூரையும் தேடி அரபிக்கடலின் ஆழத்துக்குப் போகிறவர்கள் இந்த ஊர்க்காரர்கள். டீசல், ஐஸ், அரிசி, குடிநீர் ஏற்றிக்கொண்டு புறப்பட்டால் கரை திரும்பப் பல வாரம் ஆகும்.

அங்கே பொழுது தூண்டிலோடுதான் கழிகிறது. நீண்ட கயிற்றில் நூற்றுக்கணக்கான தூண்டில்களுக்கு இரை கோத்து இறக்குவார்கள்; மணிக்கணக்கில் காத்திருந்து இழுப்பார்கள். சிக்கிய மீனை உடனே சுத்தம் செய்து ஐஸில் புதைத்தாக வேண்டும். தூக்கம் இடையில் கிடைத்தால் உண்டு.

2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் அடித்தபோது இந்த ஊர்ப் படகுகள் பல நடுக்கடலில் இருந்தன. எச்சரிக்கை கரையோடு நின்றுவிட்டது. போனவர்களில் பலர் திரும்பவில்லை.

படகில் இருக்கும் சாதாரண வயர்லெஸ் அவ்வளவு தூரம் எட்டாது. இஸ்ரோ உருவாக்கிய செயற்கைக்கோள் டிரான்ஸ்பாண்டரில் இருபக்கமும் செய்தி அனுப்பலாம். ஆனால், கருவியைப் பொருத்தியதோடு அரசின் வேலை முடிவதில்லை. பழுது பார்க்கத் துறைமுகத்திலேயே ஆள் வேண்டும். செய்தி தமிழில் வர வேண்டும். குமரிப் படகுகள் மீன் இறக்கும் கொச்சியிலும் பழுது பார்க்கும் வசதியைத் தமிழக, கேரள அரசுகள் சேர்ந்து செய்து தர வேண்டும்.