சாவு வீட்டில் இரண்டு சட்டமா?

கலியாண வீட்டுக்குப் போகாவிட்டாலும் சாவு வீட்டுக்குப் போய்த் தலைகாட்ட வேண்டும் என்பது நம்மவர் வழக்கம். அயர்லாந்து மக்களும் அப்படித்தான். இறந்தவரை வீட்டில் கிடத்தி, இரவெல்லாம் ஊரே கூடி விழித்திருந்து, மறுநாள் தோள்மாற்றித் தூக்கிச் செல்வது அவர்கள் மரபு. அத்தகைய மக்களிடம் "சாவுக்குப் போகாதே" என்று ஒரு சட்டம் சொல்லுமானால், அதைவிடக் கடுமையான சட்டம் வேறில்லை. 2020-ல் கொரோனா கொள்ளைநோய் அப்படியொரு சட்டத்தைக் கொண்டுவந்தது. மக்கள் பல்லைக் கடித்துக்கொண்டு அதற்குக் கட்டுப்பட்டார்கள். சட்டத்தைப் போட்ட கைகளோ கட்டுப்படவில்லை. வட அயர்லாந்தில் 2020 ஜூன் 30 அன்று நடந்த ஓர் இறுதி ஊர்வலம் பற்றிய சச்சரவின் சாரம் இதுதான்.

நடந்தது என்ன? பாபி ஸ்டோரி என்பவர் ஐரிஷ் குடியரசுப் படையின் முன்னணி வீரர்களில் ஒருவர். பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்து இருபது ஆண்டுகளுக்கும் மேலாகச் சிறையில் கிடந்தவர். 1983-ல் மேஸ் சிறையிலிருந்து 38 கைதிகள் தப்பிய நிகழ்ச்சியில் முக்கியப் பங்கு வகித்தவர். பின்னர் ஆயுதத்தைக் கீழே வைத்த சமாதானப் பாதையை ஆதரித்து, சின் ஃபெயின் கட்சியின் பொறுப்பாளராக இருந்தவர். 64-வது வயதில், நுரையீரல் அறுவை சிகிச்சைக்குப் பின் இங்கிலாந்தில் காலமானார். மேற்கு பெல்ஃபாஸ்ட் தெருக்களில் அவருடைய இறுதி ஊர்வலம் நடந்தது. ஏறக்குறைய 1,800 பேர் திரண்டார்கள். வெள்ளைச் சட்டையும் கறுப்பு டையும் அணிந்தவர்கள் வீதியோரம் அணிவகுத்து நின்றார்கள். மில்டவுன் கல்லறைத் தோட்டத்தில் ஜெர்ரி ஆடம்ஸ் பேசினார். கட்சித் தலைவர் மேரி லூ மெக்டொனால்டும் துணை முதல் அமைச்சர் மிஷேல் ஓ'நீலும் கலந்துகொண்டார்கள்.

அன்றைக்கு நடப்பிலிருந்த விதிப்படி திறந்த வெளியில் 30 பேருக்கு மேல் கூடக்கூடாது. அந்த விதியை விதித்த அமைச்சரவையில் ஓ'நீல் இருந்தார். அங்கே துணை முதல் அமைச்சர் என்பது அலங்காரப் பதவி அல்ல. 1998 சமாதான ஒப்பந்தப்படி முதல் அமைச்சருக்கும் அவருக்கும் அதிகாரம் சமம். ஒருவர் விலகினால் மற்றவரும் பதவியில் நீடிக்க முடியாது. முதல் அமைச்சர் ஆர்லீன் ஃபாஸ்டருடன் ஒரே மேடையில் நின்று, "வீட்டில் இருங்கள், கூட்டம் கூடாதீர்கள்" என்று மக்களுக்குச் சொல்லி வந்தவர் அவர்.

நமது நிலையை ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுகிறோம். அயர்லாந்தின் விடுதலை வேட்கை இந்தியர்களுக்கு அன்னியமானது அல்ல. நம்மையும் அவர்களையும் ஆண்டது ஒரே ஏகாதிபத்தியம். 1981 மே மாதம் 66 நாள் உண்ணாவிரதமிருந்து சிறையில் பாபி சாண்ட்ஸ் உயிர்நீத்தபோது, நமது மாநிலங்களவையில் எதிர்க்கட்சி உறுப்பினர்கள் எழுந்து நின்று மௌன அஞ்சலி செலுத்தினார்கள். அவருடைய ஊர்வலத்தில் சுமார் லட்சம் பேர் நடந்தார்கள். அதற்கும் முன்னால், 1915-ல் ஓ'டொனோவன் ரோஸாவின் உடலை டப்ளினில் அடக்கம் செய்தபோது பாட்ரிக் பியர்ஸ் ஆற்றிய உரை, மறு ஆண்டு ஈஸ்டர் எழுச்சிக்குக் கட்டியம் கூறியது. குடியரசுவாதிகளுக்குச் சாவு ஊர்வலம் என்பது வெறும் சடங்கு அல்ல, அரசியல் மேடை. 1988-ல் இதே மில்டவுன் தோட்டத்தில், இறுதிச் சடங்கின் நடுவே எதிர்த்தரப்புக் கொலைகாரன் ஒருவன் குண்டு வீசி மூவரைக் கொன்றான். இவ்வளவு நினைவுகள் புதைந்த மண்ணில், ஒரு போராளிக்கு ஊர் திரண்டதை நாம் வியப்பாகப் பார்க்கவில்லை.

ஆனால் கேள்வி ஊர் திரண்டதைப் பற்றியது அல்ல. அமைச்சர் போனதைப் பற்றியது.

அதே ஜூன் மாதத்தில், அதே பெல்ஃபாஸ்டில், போராளியும் அல்லாத, தலைவரும் அல்லாத எத்தனையோ பேர் இறந்தார்கள். கப்பல் பட்டறையில் வேலை செய்து ஓய்ந்த கிழவர்கள், பள்ளிக்கூடம் பெருக்கிய பெண்கள், பேரப்பிள்ளை வளர்த்த பாட்டிகள். பெற்ற தாயின் முகத்தைக் கண்ணாடிக்கு அப்பாலிருந்து பார்த்துவிட்டு வீடு திரும்பியவர்கள் இருந்தார்கள். ஸ்டோரியின் உடல் கடைசியில் கிழக்கு பெல்ஃபாஸ்டின் ரோஸ்லான் தகன நிலையத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டது. அவருடைய குடும்பத்தார் உள்ளே அனுமதிக்கப்பட்டார்கள். அன்றைய தினமே அங்கே எரியூட்டப்பட்ட மற்றவர்களின் குடும்பங்களுக்கு அந்த அனுமதி இல்லை. பிற்பாடு நகராட்சி அவர்களிடம் மன்னிப்புக் கேட்டது. எரிந்து முடிந்த சிதைக்கு முன்னால் மன்னிப்பு எதற்கு உதவும்?

"நண்பரின் சாவுக்குப் போனதற்காக ஒருபோதும் வருத்தம் தெரிவிக்கமாட்டேன்" என்ற பொருளில் ஓ'நீல் அப்போது பேசினார். நட்புக்கு அழகான பதில்தான். ஆனால் நண்பர்கள் அவருக்கு மட்டும்தானா இருந்தார்கள்? அவருடைய உத்தரவை நம்பி வீட்டுக்குள் அடைந்திருந்தவர்களுக்குத் தாயும் தகப்பனும் இல்லையா? அவரைக் குறைகூறியவர்கள் பிரிட்டனோடு சேர்ந்திருக்க விரும்பும் கட்சியினர் மட்டுமல்ல. ஐரிஷ் தேசியப் பக்கத்தைச் சேர்ந்த சமூக ஜனநாயகத் தொழிற் கட்சியும் குறைகூறியது. எதிரியின் சூழ்ச்சி என்று இதை ஒதுக்கிவிட முடியாது.

சட்டம் என்ன செய்தது? 2021 மார்ச் 30 அன்று, சின் ஃபெயின் அரசியல்வாதிகள் 24 பேர் மீதும் வழக்கு இல்லை என்று அரசு வழக்குத் துறை அறிவித்தது. விதிகள் ஒன்பது முறை திருத்தப்பட்டுத் தெளிவற்றுக் கிடந்தன என்பது ஒரு காரணம். ஊர்வலத்துக்கு முன்பே அமைப்பாளர்கள் போலீசாருடன் பேசியிருந்தார்கள் என்பது இன்னொன்று. சட்டத்தை எழுதியவர்களே, சட்டம் புரியவில்லை என்பதால் தப்பினார்கள்! போலீசார் பாரபட்சம் காட்டவில்லை என்று பின்னர் ஒரு விசாரணை கூறியது. ஆனால் நோய்த்தடுப்பு விதியைவிடத் தெருவின் அமைதியையே அவர்கள் பெரிதாகக் கருதினார்கள் என்பதையும் அது சுட்டிக்காட்டியது.

அதன் பிறகு நடந்ததுதான் வேதனை. போலீஸ் தலைவர் பதவி விலகவேண்டும் என்று எதிர்த்தரப்புக் கட்சிகள் முழங்கின. பிரெக்ஸிட் ஒப்பந்தத்தால் ஏற்கெனவே புகைந்துகொண்டிருந்த ஆத்திரத்தோடு இதுவும் சேர்ந்தது. ஏப்ரலில் பெல்ஃபாஸ்டிலும் டெர்ரியிலும் கலவரம் மூண்டது, பஸ் எரிந்தது, பள்ளிப் பிள்ளைகள் பெட்ரோல் குண்டு வீசினார்கள். தலைவர்கள் அறிக்கை விட்டார்கள், ஏழை வீட்டுப் பிள்ளைகள் தெருவில் நின்றார்கள். தாயை வழியனுப்ப முடியாத அந்தக் குடும்பங்களின் துக்கத்தை இரு தரப்பும் தத்தம் கொடியில் சுற்றிக்கொண்டன.

இலண்டன் மட்டும் யோக்கியமா? ஸ்டோரியின் ஊர்வலத்துக்குப் பதினோரு நாள் முன்பு, ஜூன் 19 அன்று, பிரதமர் போரிஸ் ஜான்சனின் பிறந்தநாளுக்கு அவருடைய அலுவலகத்தில் கூட்டம் கூடியது. அதற்காக 2022-ல் அவர் அபராதம் கட்டினார். 2021 ஏப்ரல் 17 அன்று, கணவரின் இறுதிச் சடங்கில் அந்நாட்டு அரசியே தன்னந்தனியாக அமர்ந்திருந்தார். அதற்கு முந்தைய இரவு பிரதமர் அலுவலகத்தில் குடியும் கூத்தும் நடந்தன. ஆகவே இது கத்தோலிக்கர் குற்றம், புராடஸ்டண்டு குற்றம் என்று பிரிக்கத்தக்கது அல்ல. இது ஆளுவோர் குற்றம்.

பிழைப்புக்காக ஊர் விட்டு வந்த நமக்கு இது தூர தேசத்துக் கதை அல்ல. 2020-ல் ரயில் நின்றது. சாவுக்கு 20 பேர் என்று மத்திய அரசு கணக்குச் சொன்னது. தமிழ்நாட்டுக்குள் நுழைய இ-பாஸ் வேண்டும் என்றார்கள். தாராவியிலும் பெங்களூரிலும் இருந்தவர்கள் தகப்பன் முகத்தைச் செல்போனில் பார்த்துக் கும்பிட்டார்கள். மறு ஆண்டு தேர்தல் வந்ததும் எல்லாக் கட்சிகளும் மைதானங்களை நிரப்பின. கூட்டங்களைத் தடுக்கத் தவறிய தேர்தல் ஆணையத்தைச் சென்னை உயர்நீதிமன்றமே கடிந்துகொள்ள வேண்டியிருந்தது. ஓட்டுக்கு ஆயிரக்கணக்கில் கூடலாம், பிணத்துக்கு இருபது பேர்தான் என்பது என்ன நியாயம்?

நோய்த்தடுப்பு விதிகளே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஒற்றை அறையில் ஆறுபேர் படுக்கும் நம் குடியிருப்புகளில் தொற்று பரவினால் முதலில் சாவது நாம்தான். விதியின் பயன் நமக்குத்தான் அதிகம். அதனால்தான் சொல்கிறோம்: விதி தெளிவாக இருக்கட்டும். வாரம் ஒருமுறை மாறாதிருக்கட்டும். முதலில் அதை அமைச்சர் கடைப்பிடிக்கட்டும். ஆளுபவனே மீறிய சட்டத்தை அடுத்த கொள்ளைநோயில் எந்தத் தொழிலாளியும் மதிக்கமாட்டான். அப்போது விழும் பிணங்களுக்குப் பொறுப்பு யார்?

மிஷேல் ஓ'நீல் 2024 பிப்ரவரியில் முதல் அமைச்சரானார். குடியரசுவாதி ஒருவர் அந்தப் பதவிக்கு வந்தது வரலாற்றுச் சிறப்புடையது, அதை வரவேற்கிறோம். அந்த ஆண்டு மே மாதம் கொரோனா விசாரணை ஆணையத்தின் முன் நின்று, தம் செயலால் துயருற்ற குடும்பங்களிடம் அவர் வருத்தம் தெரிவித்தார். 2021-லேயே பட்டும்படாமல் சொன்ன வார்த்தையைவிட இது தெளிவானது. நான்கு ஆண்டு தாமதமானாலும் சொன்னாரே என்று அந்த மக்கள் ஆறுதல் கொள்ளலாம். நம் நாட்டில், ஊரடங்கு நாட்களில் சொந்தங்களின் சாவுக்குப் போகமுடியாமல் போன புலம்பெயர்ந்த தொழிலாளர்களிடம் இதுவரை யார் வந்து வருத்தம் சொன்னார்கள்? அடுத்த தேர்தலில் ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் முதலில் கேட்கவேண்டிய கேள்வி அதுவே.