திருப்பரங்குன்றத்து எல்லைச் சண்டை

லீவு நாளென்றால் கிராமத்து மக்கள் கட்டுச்சோற்றுடன் பெண்டு பிள்ளைகளை அழைத்துக்கொண்டு புறப்பட்டு, காலையில் திருப்பரங்குன்றமும் மாலையில் மதுரைக் காந்தி மியூசியமும் பார்த்துத் திரும்புவது வழக்கம். இதில் குற்றமொன்றுமில்லை. ஆனால் 2025-ம் வருஷத்தில் மலையடியில் நடந்ததென்ன? பிப்ரவரியில், தர்க்காவில் ஆடு கோழி பலியிடலாமா என்ற சண்டைக்காக ஜில்லா முழுவதும் 144 தடையுத்திரவு. டிசம்பரில், கார்த்திகைத் தீபத்தை மலைமேல் எந்த இடத்தில் ஏற்றுவதென்ற சண்டைக்காக மறுபடியும் போலீசு, தடுப்பு, தள்ளுமுள்ளு, ஹைக்கோர்ட்டு. ஒரு பாறை இரண்டு தேசத்து எல்லை போலாகிவிட்டது!

இந்தப் பாறை யாருடையது? மலைச்சரிவில் சமண முனிவர்களின் கற்படுக்கைகளும் சுமார் ஈராயிரம் வருஷத்துத் தமிழ் எழுத்துக்களும் இருக்கின்றன. தென்புறத்துக் குகை முதலில் சமணருடையதென்றும், 13-ம் நூற்றாண்டில் சிவன் கோவிலாக்கப்பட்டதென்றும் ஆராய்ச்சிக்காரர் சொல்லுகின்றனர். வடபுறம் 8-ம் நூற்றாண்டில் பாண்டியர் காலத்தில் குடைந்த கோவில். உச்சியில் சிக்கந்தர் தர்க்கா. மலை எவரையும் வாவென்றும் அழைக்கவில்லை, போவென்றும் விரட்டவில்லை.

1931-ல் லண்டன் பிரிவி கௌன்சில், நெல்லித்தோப்பும் பள்ளிவாசலும் அதற்குப் போகும் படிகளும் முஸ்லீம்களுக்கு, பாக்கி மலை தேவஸ்தானத்துக்கு என்று தீர்ப்புச் சொல்லிற்று. அதைக் காட்டி "நம் மலை, நம் சாமி" என்று கூவுகிறவர்களை நாம் ஒன்று கேட்கிறோம். அந்த "நம்"மில் அன்று நாம் இருந்தோமா? கமுதிக் கோவிலுக்குள் நாடார்கள் நுழைய உரிமையில்லையென்று 1908-ல் சொன்னதும் இதே பிரிவி கௌன்சில்தானே! மதுரை மீனாக்ஷி கோவிலுக்குள் தாழ்த்தப்பட்டவர்களும் நாடார்களும் அழைத்துச் செல்லப்பட்டது 1939 ஜூலை 8-ந் தேதிதானே! அதுவரை நம்மை வெளியில் நிறுத்திய எல்லையைப் போட்டவன் முஸ்லீமா?

எந்தப் பலியிலும் நமக்கு நம்பிக்கையில்லை. ஆனால் மதுரைப் பாண்டி கோவிலில் வெட்டப்படும் கிடாய்களுக்காக எவரும் கொடி பிடிக்கக் காணோமே! ஒரு தூணில் எரிந்தால் சாமிக்கு வெளிச்சம், மற்றொரு தூணில் எரிந்தால் இருட்டா?

நிற்க, காந்தி மியூசியத்தில், 1948 ஜனவரி 30-ந் தேதி சுடப்பட்டபோது காந்தியார் உடுத்தியிருந்த இரத்தக் கறைத் துணி இருக்கிறது. அவரோடு நமக்குள்ள அபிப்பிராய பேதங்கள் பல. ஆயினும் தினம் ராமனைப் பஜித்த அவரைச் சுட்டவன் வேறு மதத்தானல்ல. மதவெறி அடுத்தவனோடு நிற்காது, சொந்த வீட்டானையும் சுடும் என்பதற்கு அத்துணியை விட வேறு சாட்சி வேண்டுமா?

ஆகவே பெற்றோர்களே, குழந்தைகளைத் தாராளமாக அழைத்துச் செல்லுங்கள். மலையில் சமணர் எழுத்தைக் காட்டுங்கள். கோவில் மதிலைக் காட்டி, அதன் வெளியே நின்ற பாட்டன்மாரைப் பற்றிச் சொல்லுங்கள். மியூசியத்தில் அந்தத் துணியைக் காட்டுங்கள். பிறகு எவனாவது கொடியோடு வந்து சண்டைக்குக் கூப்பிட்டால், "என் பாட்டன் வாசலில் நின்றபோது நீர் எங்கேயிருந்தீர்?" என்று அக்குழந்தைகளே கேட்கட்டும்.