ஊதா நிற அடிமரம்

அழகான இடம் எது என்று கேட்டால் அருவி, மலைச்சிகரம், கடற்கரை என்று அடுக்குவார்கள். வண்டித்தடத்தையோ வேலியோரப் புதரையோ யாராவது சொல்லக் கேட்டதுண்டா? நாட்காட்டிப் படங்கள் நமக்குக் கற்றுக்கொடுத்த அழகு அவ்வளவுதான். அந்த அழகிற்கு எதிராக ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் தூரிகை பிடித்த ஓர் ஓவியரைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன்.

டேவிட் ஹாக்னி 1937இல் இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு என்னும் ஆலை நகரில் ஓர் எழுத்தரின் மகனாகப் பிறந்தவர். கலிபோர்னியாவின் நீச்சல் குளங்களைத் தீட்டி உலகப் புகழ் பெற்றார். அப்படிப்பட்டவர் அறுபது வயதைத் தாண்டிய பின் வந்து நின்ற இடம் கிழக்கு யார்க்‌ஷயரின் வோல்ட்ஸ் மேட்டுநிலம். சுண்ணாம்புக் குன்றுகள், கோதுமையும் பார்லியும் விளையும் வயல்கள், நீரோடாத பள்ளத்தாக்குகள். அவ்வளவே! ஏரி மாவட்டத்துக்கு வேர்ட்ஸ்வொர்த் இருந்தார். சஃபோக் வயல்களுக்குக் கான்ஸ்டபிள் இருந்தார். வோல்ட்ஸ் நிலத்துக்கு அத்தகைய பெரிய பெயர் எதுவும் வாய்க்கவில்லை.

ஹாக்னி அங்கே வரக் காரணம் இருந்தது. அவருடைய தாயார் கடைசிக் காலத்தில் அங்குள்ள பிரிட்லிங்டன் ஊரில்தான் வாழ்ந்தார். அதற்கும் முன்னால், 1950களின் தொடக்கத்தில், பள்ளி விடுமுறையில் அந்த வயல்களில் கதிர்க்கட்டுகளை நிறுத்தி அடுக்கும் கூலி வேலையை அவர் செய்திருக்கிறார். குனிந்து வேலை செய்தவன் காணும் நிலமும், காரில் கடந்து போகிறவன் காணும் நிலமும் ஒன்றாகுமா?

2012இல் லண்டன் ராயல் அகாதமியில் இந்த ஓவியங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன. ஆறு இலட்சம் பேர் வந்து பார்த்தார்கள். திறனாய்வாளர் சிலரோ, வண்ணம் கண்ணைக் குத்துகிறது என்று கடிந்துகொண்டார்கள். லண்டன் திறனாய்வாளர்களை விடுங்கள், விடுதியில் என் அறை நண்பரும் இந்தப் படங்களைப் பார்த்துவிட்டு, "சினிமா போஸ்டர் மாதிரியல்லவா இருக்கிறது!" என்றார். "மரம் எங்கேயாவது ஊதாவாக இருக்குமா?" என்றும் கேட்டார்.

அவர் சுட்டிக் காட்டியது 2009இல் தீட்டிய 'குளிர்கால மரக்கட்டைகள்' என்னும் ஓவியம். பதினைந்து கித்தான்களைச் சேர்த்து உருவாக்கியது. நடுவே ஊதா நிறத்தில் ஓர் அடிமரம் நிற்கிறது. வெட்டிப்போட்ட கட்டைகள் ஆரஞ்சாகவும் மஞ்சளாகவும் வரிசையாகக் கிடக்கின்றன. பின்னால் நீல மரங்கள். என் தந்தை மரம் அறுக்கும் மில்லில் வேலை செய்கிறார். எங்கள் வீட்டில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். ஆனால் கட்டையின் நிறம் எனக்குக் கல்லூரியில் தெரிந்ததன்று. பலாமரத்தை அறுத்த அன்று பாருங்கள், மஞ்சள் கண்ணைப் பறிக்கும். சில மாதங்களில் அதுவே பழுப்பாகிவிடும். மேசையாகவும் கதவாகவும் மட்டுமே மரத்தைக் கண்டவர்களுக்குத்தான் மரம் என்றால் பழுப்பு! அந்தக் கட்டைகளின் நிறம் கூட்டப்பட்டிருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அது பொய்யன்று. அன்றைக்கு வெட்டிய மரத்தைப் பார்த்த ஒருவர் அதைக் கூட்டியிருக்கிறார். அடிமரத்தின் ஊதாவுக்கு என்னிடம் தாவரவியல் விடை கிடையாது. அந்த ஆரஞ்சுக்குப் பக்கத்தில் வேறு எந்த நிறமும் அவ்வளவு உறுதியாக நிற்காது என்பதே என் எண்ணம்.

தாவரவியல் மாணவன் என்ற முறையில் எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று: வார்ட்டர் என்ற சிற்றூருக்கருகில் 2007இல் தீட்டிய மாபெரும் மரங்கள். ஐம்பது கித்தான்கள், நாற்பது அடி அகலம். இலையற்ற கிளைகளைத் தீட்ட வேண்டும். அவை துளிர்ப்பதற்குள் முடித்தாக வேண்டும். திறந்த வெளியில் நின்று, பகுதி பகுதியாக வரைந்து, கணினியில் அவற்றை ஒட்டிப் பார்த்து முடித்தார். மறு ஆண்டே டேட் கலைக்கூடத்துக்கு அதை இலவசமாகக் கொடுத்துவிட்டார். நாற்பதடி ஓவியத்தை நான் நான்கு அங்குலக் கைபேசித் திரையில் பார்த்தேன். நம் வசதி அவ்வளவுதான்! அப்படியும் கிளைகளின் பிரிவு ஒவ்வொன்றும் தெரிந்தது.

எனக்கொரு குறையும் உண்டு. இந்த ஓவியங்களில் மனிதரைக் காண்பது அரிது. கட்டைகள் அடுக்கிக் கிடக்கின்றன, வெட்டியவன் இல்லை. வயல் உழுதிருக்கிறது, உழுதவன் இல்லை. ஒருகாலத்தில் கதிர்க்கட்டு அடுக்கியவரின் படங்களில் இப்படி நேர்ந்தது ஏன்? யந்திரங்கள் வந்தபின் அந்த வயல்களில் ஆளே குறைந்துபோயிருக்கலாம். இருந்தாலும் அந்த வெற்றிடம் என்னை உறுத்துகிறது. மரக்கட்டையைப் பார்த்தால் அறுத்த கையைத் தேடுவது எங்கள் வீட்டுப் பழக்கம்.

அந்த அடிமரத்துக்கு நேர்ந்ததையும் சொல்லிவிடுகிறேன். ஹாக்னி அதைக் குலச்சின்னம் போலக் கருதித் திரும்பத் திரும்ப வரைந்தார். 2012 நவம்பரில் யாரோ அதன்மேல் சாயத்தைப் பீய்ச்சி, பிறகு அறுத்தும் சாய்த்துவிட்டார்கள். மனம் ஒடிந்துபோனார் அவர். பின்னர் விழுந்து கிடந்த மரத்தைக் கரித்துண்டால் வரைந்தார். அடுத்த ஆண்டு வோல்ட்கேட் சாலையில் ஐந்து இடங்களைத் தேர்ந்து, குளிர் முடிந்து வசந்தம் வரும்வரை ஒவ்வோர் இடத்தையும் ஐந்து முறை வரைந்தார். இருபத்தைந்தும் கரிப் படங்கள். ஊதா இல்லை, ஆரஞ்சு இல்லை. சேற்றுத் தடத்தில் தேங்கிய நீரும், அதில் தெரியும் கிளைகளும், பிறகு தழையும்.