இரும்புச் சட்டை சொல்லும் பாடம்



வாளையும் கேடயத்தையும் நம் வீட்டுப் பிள்ளைகள் திரைப்படத்தின் வாயிலாகவே அறிகின்றனர். திரையில் கவசமணிந்த வீரன் குதிரைமேல் தாவி ஏறுகிறான், பத்துப் பேரை வீழ்த்துகிறான், பாடலும் பாடுகிறான். அவன் மேனியில் கிடப்பது வெள்ளி வண்ணம் பூசிய இலேசான பொருள் என்பது பிள்ளைக்குத் தெரிவதில்லை. உண்மைக் கவசம் எத்தனை கனம், அதைச் செய்து முடிக்க எத்தனை நாள் பிடித்தது, அதனுள் இருந்தவன் எப்படி வியர்த்தான் என்பனவற்றைத் திரை சொல்வதில்லை. செய்து பார்த்தவனே சொல்ல வல்லவன்.

அவ்வாறு செய்து பார்ப்பதையே பொழுதுபோக்காகக் கொண்டோர் உலகில் பலர் உளர். மத்திய காலத்துக் கவசம், ஆயுதம், உடை ஆகியவற்றை அக்கால முறைப்படியே தம் கையால் செய்வதும், அணிந்து பார்ப்பதும் அவர்களுடைய வழக்கம். 1966-ஆம் ஆண்டு மே முதல் நாள், கலிபோர்னியாவின் பெர்க்லி நகரில் ஒரு வீட்டுத் தோட்டத்தில் நண்பர்கள் சிலர் பழங்கால உடையணிந்து கூடிப் போர் விளையாட்டு நடத்தினர். அதுவே பின்னர் பல நாடுகளில் கிளை பரப்பிய ஒரு கழகமாயிற்று. அவர்கள் மோதுவது பிரம்பால் செய்த வாள்களைக் கொண்டே. நம் ஊர்ச் சிலம்ப ஆசான்கள் இதைக் கேட்டால் புன்னகை புரிவார்கள்.

இது மேனாட்டார் விளையாட்டு, நமக்கென்ன என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டா. இக்கலையின் வேர்களுள் சில நம் மண்ணிலும், நம் மார்க்க நூல்களிலும் இருக்கின்றன.

மதராஸிலிருந்து சென்ற கவசம்

இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் 1996-இல் திறக்கப்பட்ட அரச ஆயுத அருங்காட்சியகத்தில் ஒரு யானைக் கவசம் உள்ளது. 1600-ஐ ஒட்டிய காலத்தில் இந்தியாவில் செய்யப்பட்டதென்பர். 1798 முதல் 1803 வரை மதராஸ் ஆளுநராக இருந்த எட்வர்ட் கிளைவின் துணைவியார், 1801-இல் அதைத் தம் நாட்டுக்குக் கொண்டு சென்றார். அதில் எஞ்சியிருக்கும் இரும்புத் தகடுகள் 5,840. அவற்றின் எடை 118 கிலோ. முழுமையாக இருந்த காலத்தில் 8,439 தகடுகளும் 159 கிலோ எடையும் இருந்திருக்கும் என்று கணக்கிட்டுள்ளனர். ஒவ்வொரு தகட்டையும் வெட்டி, துளையிட்டு, வளையத்தால் பக்கத்துத் தகட்டோடு பிணைத்த கொல்லர்களுள் ஒருவர் பெயரேனும் நமக்குக் கிட்டவில்லை. கொண்டு சென்ற சீமாட்டியின் பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

அவ்வளவு தொலைவு செல்லவும் தேவையில்லை. 1851-இல் தொடங்கப்பெற்ற எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் ஆயுதத் தொகுப்பில், தஞ்சை அரண்மனை ஆயுதசாலையிலிருந்து வந்த பொருள்கள் உள்ளன. தஞ்சையின் கடைசி மராட்டிய மன்னர் 1855-இல் ஆண் வாரிசின்றி மறைந்தபின் அரசு கும்பினியார் கைக்குப் போயிற்று, ஆயுதசாலையும் கலைந்தது. கைப்பிடியை முட்டிக்குள் அடக்கிக் குத்தும் கட்டாரியின் வேலைப்பாட்டைக் காண விரும்புவோர் பிள்ளைகளோடு ஒரு நாள் அங்கே சென்று வரலாம். ஆவடியிலிருந்து மின்சார ரயிலில் ஏறினால் எழும்பூர் அப்படியொன்றும் தூரமன்று.

கண்ணியோடு கண்ணி

கவசங்களில் மிகுந்த பொறுமை வேண்டுவது சங்கிலிச் சட்டை. அரபியில் ‘திர்உ’ என்றும், பாரசீகத்தில் ‘ஸிரஹ்’ என்றும் அதற்குப் பெயர். தாவூத் நபி (அலை) அவர்களுக்கு இறைவன் இரும்பை மென்மையாக்கிக் கொடுத்ததையும், கண்ணிகளை அளவாக அமைத்துக் கவசம் செய்யுமாறு பணித்ததையும் திருக்குர்ஆனின் ‘ஸபஃ’ அத்தியாயம் கூறுகிறது. ‘அன்பியா’ அத்தியாயத்திலும் இச்செய்தி உண்டு. ஓர் அரசரும் நபியுமானவருக்குக் கற்பிக்கப்பட்ட கைத்தொழில், பிறரைத் தாக்குவதற்கன்று, உடலைக் காப்பதற்கு என்பதை நாம் ஊன்றி நோக்க வேண்டும்.

அளவாக அமைத்தல் என்பதன் பொருள், ஒரு சாண் அளவேனும் சங்கிலி பின்னிப் பார்த்தவனுக்கே முழுதும் விளங்கும். கம்பியை ஓர் இரும்புத் தண்டின்மேல் சுருள்போல் நெருக்கமாகச் சுற்ற வேண்டும். சுருளை நீளவாக்கில் வெட்டினால் வளையங்கள் உதிரும். ஒவ்வொரு வளையத்தையும் இரு குறடுகளால் பிடித்துத் திறந்து, நான்கு வளையங்களோடு கோத்து மூட வேண்டும். வளையம் பெரிதானால் ஈட்டி முனை நுழைந்துவிடும். சிறிதானால் சட்டை மடங்காது, கனமும் கூடும். மூடிய வாயில் ஒரு மயிரிழை இடைவெளி இருந்தாலும் இழுத்த இழுப்பில் அக்கண்ணி கழன்று, பக்கத்துக் கண்ணிகளும் தளரும்.

ஒரு முழுச் சட்டைக்கு ஏறத்தாழ இருபதாயிரம் முதல் முப்பதாயிரம் வளையங்கள் வேண்டும். எடை பத்துக் கிலோ அளவில் நிற்கும். நிமிடத்திற்கு இரண்டு வளையம் மூடுகிறவன், 25,000 வளையங்களை மூட 208 மணி நேரம் உழைக்க வேண்டும். நாளுக்கு ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் ஏழு மாதங்கள்! இதுவும் வாய்களை வெறுமனே சேர்த்து மூடும் எளிய முறைக்கே. பழைய கொல்லர்கள் வளையத்தின் இரு முனைகளையும் தட்டையாக்கி, துளையிட்டு, சிற்றாணி அடித்து இறுக்கினார்கள். அதற்கான காலத்தை வாசகர்களே கணக்கிட்டுக் கொள்ளலாம்.

ஜுப்பாவும் பருத்தியும்

இரும்பு தனியே எவரையும் காத்ததில்லை. சங்கிலிச் சட்டை வாளின் வெட்டைத் தடுக்கும். ஆனால் அடியின் அதிர்ச்சியைத் தடுக்காது. அதற்காகப் பல அடுக்குத் துணியை வைத்துத் தைத்த மெத்தைச் சட்டையை உள்ளே அணிந்தனர். ஐரோப்பியர் அதற்கு இட்ட பெயர்களுள் ஒன்று ‘அக்கெட்டன்’. அது அரபியின் ‘அல்குத்ன்’, அதாவது பருத்தி, என்ற சொல்லிலிருந்து பிறந்தது. கவசத்தின்மேல் அவர்கள் அணிந்த ‘ஜுப்போன்’ என்னும் உடையின் பெயர், நம் பள்ளிவாசல்களில் இன்றும் காணும் ‘ஜுப்பா’விலிருந்து சென்றது. சிலுவைப் போர்களில் எதிரெதிரே நின்றவர்கள் ஒருவர் உடையின் பெயரை மற்றவர் எடுத்துக் கொண்டனர் என்றால், பகைக்கு நடுவிலும் தையற்காரர்கள் கற்றுக்கொண்டே இருந்தார்கள் என்பது பொருள்.

சிரியாவின் ஷைஸர் கோட்டையைச் சேர்ந்த உஸாமா இப்னு முன்கித் (1095–1188) தம் நினைவு நூலில், தம்முடைய போர்ச்சட்டைக்குள் என்னென்ன இருந்தன என்று எழுதி வைத்துள்ளார்: பிராங்கியர் செய்த நீண்ட சங்கிலிச் சட்டை ஒன்று, அதன்மேல் இடுப்பளவுச் சட்டை ஒன்று, கம்பளம், கழிவுப் பட்டு, முயல் உரோமம். எண்ணூறு ஆண்டுகளுக்குப் பின்னும் ஒருவர் படித்துச் செய்து பார்க்கக் கூடிய அளவுக்குத் தெளிவான குறிப்பு இது. சுல்தான் ஸலாஹுத்தீன் 1176-இல் கொலையாளிகளின் கத்திக்குத் தப்பியதும், தலைப்பாகைக்கு அடியிலும் உடைக்குள்ளும் சங்கிலிக் கவசம் இருந்ததால்தான்.

நம் நாட்டு வெயிலில் துணியே முதற் கவசம். பஞ்சு வைத்துத் தைத்த அங்கியும், வெல்வெட்டுத் துணியில் பித்தளைத் தலை ஆணிகளை நெருக்கமாகப் பதித்த ‘ஆயிரம் ஆணிச் சட்டை’யும் இங்கே வழங்கின. மார்பு, முதுகு, இரு விலா ஆகியவற்றை மறைக்கும் நான்கு தகடுகளுக்குச் ‘சார் ஆயினா’, அதாவது நான்கு கண்ணாடி, என்று அழகாகப் பெயரிட்டனர். ஊசி பிடிக்கத் தெரிந்த நம் சகோதரிகள் இப்பொழுதுபோக்கில் ஆண்களைவிட முந்திவிடுவார்கள் என்பது எம் எண்ணம். ஏனெனில் இதில் பாதிக்கு மேல் தையல் வேலையே.

நாம் இழந்ததும் அவர்கள் மீட்டதும்

அரபியில் வாளுக்கு ‘முஹன்னத்’ என்றொரு பெயர் உண்டு. ஹிந்து தேசத்து இரும்பால் ஆனது என்பது பொருள். இன்றும் அரபு நாடுகளில் ஆண் குழந்தைக்கு அப்பெயரைச் சூட்டுகிறார்கள். தென்னிந்தியாவில் இரும்பையும் தாவரப் பொருளையும் மண்மூசையில் இட்டு, வாயை அடைத்து, உருக்கி எடுத்த எஃகே அது. ஆங்கிலத்தில் அதற்கு வழங்கும் ‘ஊட்ஸ்’ என்ற சொல், நம் ‘உருக்கு’, கன்னடத்தாரின் ‘உக்கு’ ஆகியவற்றின் திரிபு என்பர். ஈரோடு மாவட்டத்துக் கொடுமணல் அகழாய்வில் பழங்கால இரும்புத் தொழிலின் சான்றுகள் கிடைத்துள்ளன. அவ்வெஃகில் அடித்த வாளின் மேனியில் நீரலை போன்ற வரிகள் தோன்றும். 19-ஆம் நூற்றாண்டோடு அத்திறன் மறைந்துபோயிற்று.

அதை மீட்டவர்களுள் ஒருவர் யார் தெரியுமா? அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் குதிரைகளுக்கு லாடம் அடித்து வாழ்ந்த ஆல்பிரட் பெண்ட்ரே. ஆர்வத்தால் பல ஆண்டுகள் உலையோடு போராடினார். உலோகவியல் பேராசிரியர் ஜான் வெர்ஹோவன் அவருக்குத் துணை நின்றார். தாதுவில் இயல்பாகவே கலந்திருந்த மிகச் சிறிதளவு வனேடியம் போன்ற தனிமங்களே அவ்வரிகளுக்குக் காரணம் என்று 1998-இல் அவர்கள் எழுதினர். தாது மாறியதும் கலை மறைந்தது என்பது அவர்கள் கருத்து. பொழுதுபோக்காளர் ஒருவரின் கையும் ஆய்வாளர் ஒருவரின் அறிவும் சேர்ந்து, நம் முன்னோர் தொலைத்ததைக் கண்டெடுத்தன.

ஒரு தாயின் அச்சம்

அம்பத்தூர்ப் பக்கத்துத் தாய் ஒருவர் அண்மையில் எம்மிடம் வந்தார். அவர் மகன் ஐ.டி.ஐ.யில் கடைசல் வேலை கற்கிறான். “ஹஜ்ரத், ராத்திரியானால் மொட்டை மாடியில் உட்கார்ந்து கம்பி முறுக்குகிறான். கேட்டால் போர்ச்சட்டை என்கிறான். நாளைக்கு வாள் செய்வேன் என்பான். அக்கம்பக்கத்தில் யாராவது பார்த்து வேறு விதமாகச் சொல்லிவிட்டால், என் பிள்ளையின் கதி என்ன?” என்றார்.

அவருடைய அச்சம் பொருளற்றதன்று. காலம் அப்படி. ஆயினும் அச்சத்தால் ஒரு பிள்ளையின் கைத்திறனை முடக்குவதும் முறையன்று. அவருக்கு யாம் கூறியதையே வாசகர்களுக்கும் கூறுகிறோம்.

பிள்ளை கவசம் செய்யட்டும், உடை தைக்கட்டும். ஒளித்துச் செய்ய வேண்டா. தந்தைக்கும் ஆசிரியருக்கும் அண்டை வீட்டாருக்கும் காட்டிச் செய்யட்டும். கூரிய ஆயுதத்தின் பக்கம் போக வேண்டா. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின் கீழமைந்த விதிகள், 9 அங்குல நீளத்தையோ 2 அங்குல அகலத்தையோ மிஞ்சும் கூரிய அலகை, வீட்டுக்கும் உழவுக்கும் தொழிலுக்கும் உரிய கருவிகள் நீங்கலாக, ஆயுதமாகவே எண்ணுகின்றன. வாளின் வடிவம் வேண்டுமெனில் மரத்திலோ பிரம்பிலோ செய்து கொள்ளலாம். கம்பி வெட்டும்போது கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். துத்தநாகப் பூச்சுள்ள கம்பியை நெருப்பில் காய்ச்சலாகாது. அதன் புகை தீங்கு செய்யும். வீட்டில் பாட்டனார் காலத்து வாளோ கேடயமோ இருப்பின், அதைத் தேய்த்துப் பளபளப்பாக்குவதும், பழைய இரும்புக்காரரிடம் போடுவதும் வேண்டா. நூறாண்டு கடந்த பொருள் 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். அருங்காட்சியகத்தாரிடம் காட்டி வழி கேட்பதே நன்று.

இதனால் பிழைப்பு உண்டா என்று கேட்கும் தந்தையருக்கும் விடை உண்டு. டேராடூனில் 1943 முதல் இயங்கும் விண்ட்லாஸ் நிறுவனம், குக்ரிக் கத்தியில் தொடங்கி, இன்று பழங்கால வாள், தலைக்கவசம் ஆகியவற்றின் படிகளை வெளிநாட்டுப் பொழுதுபோக்காளர்களுக்கு அனுப்பி வருகிறது. 1964-இல் தொடங்கிய தொழிற்பேட்டையில் லேத்து ஓட்டும் அம்பத்தூர்க் கைகளுக்கும், படைவீரர் சீருடை தைக்கும் ஆவடிக் கைகளுக்கும் இது எட்டாத வேலையன்று. கவச வண்டி செய்யும் ஊரில் கவசம் என்ற சொல் யாருக்கும் புதிதுமன்று.

ஆயினும் பிழைப்பைவிடப் பெரிய பயன் ஒன்றுண்டு. ஏழு மாதம் உழைத்து ஒரு சட்டை முடித்தவன், போரைப் பற்றி எளிதாகப் பேச மாட்டான். ஓர் உயிரைக் காக்க இருபத்தையாயிரம் கண்ணிகள் வேண்டும், அதைப் போக்க ஓர் இடைவெளி போதும் என்பதை அவன் விரல்கள் அறிந்திருக்கும்.

அலி (ரலி) அவர்கள் பாத்திமா (ரலி) அவர்களை மணந்தபோது மஹராகக் கொடுக்க அவர்களிடம் இருந்தது தம்முடைய போர்க்கவசமே என்று ஹதீஸ் நூல்களில் காண்கிறோம். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் இவ்வுலகைப் பிரிந்தபோது அவர்களுடைய கவசம், குடும்பத்தின் உணவுக்காக வாங்கிய முப்பது ஸாஉ வாற்கோதுமைக்கு ஈடாக, ஒரு யூதரிடம் அடகில் இருந்தது. ஒரு கவசத்தால் ஓர் இல்லறம் தொடங்கிற்று. மற்றொன்றால் ஓர் இல்லத்தில் அடுப்பு எரிந்தது. இரும்புச் சட்டைக்கு இவற்றினும் உயர்ந்த பயன் எதுவென்று எமக்குத் தோன்றவில்லை.

அந்தத் தாயின் மகன் இப்போது கைப்பகுதியைப் பின்னிக் கொண்டிருக்கிறான். உள்ளே அணியும் பஞ்சுச் சட்டைக்குத் துணி வெட்டிக் கொடுப்பது தாயார்தாமாம்.