பாட்டனாரின் வில்லை

வலப்பனைத் தோட்டமொன்றிலிருந்து நம்மிடம் கற்க வரும் மாணவன் ஒருவன், கணக்கப்பிள்ளையாயிருந்த தன் பாட்டனாரின் பிலிம் கமராவைக் கொண்டுவந்தான். கமரா பழுது, அதன் 50 மி.மீ. வில்லை மட்டும் நல்ல நிலையில் இருந்தது. இணைப்பு வளையமொன்றால் அதைத் தன் டிஜிட்டல் கமராவில் பொருத்தி, லயத்து வாசலில் குடும்பத்தைப் படமெடுத்திருக்கிறான். ஓரத்தில் நின்ற பாட்டியைக் காணோம்! பின்னே நகரலாமென்றால் பள்ளம்.

காரணம் எளிது. அவ்வில்லை 36 மி.மீ. அகலமான பிலிம் சட்டகத்துக்கென்று செய்யப்பட்டது. இவன் கமராவின் உணரியோ ஏறக்குறைய 24 மி.மீ. அகலமே, எஞ்சிய உருவம் வெளியே விழுந்து வீணாகிறது. தொலைநோக்கி வைத்திருப்போர் நெடுங்காலமாய்க் கையாளும் உபாயமொன்று இதற்குண்டு. அதையே 2013ஆம் ஆண்டில் மெட்டாபோன்ஸ் நிறுவனம் 'ஸ்பீட் பூஸ்டர்' என்ற பெயரில் இத்தகைய கமராக்களுக்கு அளித்தது. பழைய கமராவில் சாய்வாடி நின்ற இடம் புதியதில் இல்லாமையால், வளையத்துள் சில வில்லைகளை வைக்க இடமுண்டு. அவை உருவத்தை 0.71 மடங்காகச் சுருக்கும், 50 மி.மீ. குவியத்தூரம் ஏறத்தாழ 35 ஆகும். பாட்டியும் உள்ளே வந்துவிடுவார். ஒளி சிறு பரப்பில் குவிவதால் வெளிச்சமும் ஏறக்குறைய இருமடங்காகும். மூடுபனி நாட்டில் இது சிறிய இலாபமன்று. மலிவான குறைப்பான்கள் ஓரங்களை மங்கச் செய்வதுண்டு.

ஆயினும் வில்லையை டோர்ச் வெளிச்சத்தில் பிடித்தபோது நம் மனம் துணுக்குற்றது. விளிம்பில் சிலந்தி நூல்போல் பூஞ்சணம்! மலைநாட்டு ஈரம் செய்யும் வேலை. விட்டால் கண்ணாடியையே அரித்துவிடும். முதலில் அதைத் துப்புரவாக்குவிக்கச் சொன்னோம். குறைப்பான் வாங்கும்வரை பாட்டியை நடுவில் நிறுத்தப் போகிறானாம்.