மணக்கிற புகையும் புகைதான்

ஆர்டர் போட்டால் வாசனை மெழுகுவர்த்தி கம்பத்துக்கும் கூடலூருக்கும் வீடு தேடி வந்துவிடுகிறது. அதில் ஏலக்காய் மணமும் உண்டு. ஏலக்காய் ஏலம் நடக்கிற போடிக்கே அதை மெழுகில் அடைத்து விற்கிற துணிச்சலைப் பாராட்டத்தான் வேண்டும்! மெழுகு எரிந்தால் நுண்துகளும் ஃபார்மால்டிஹைடு போன்ற வாயுக்களும் கொஞ்சம் கிளம்பும். காற்றோட்டமான அறையில் எப்போதோ ஒன்று ஏற்றினால் பெரிய கேடில்லை.

நம் கவலை வேறு. முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் இருபோகம் நெல் விளையும் பள்ளத்தாக்கில் கொசுவுக்கா பஞ்சம்? பொழுது சாய்ந்ததும் ஜன்னலைச் சாத்திவிட்டுக் கட்டிலுக்கடியில் சுருளைக் கொளுத்துகிறோம். சுருளில் கொசு மருந்து துளியூண்டு. மற்றதெல்லாம் எரிவதற்கான தூள். ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் 75 முதல் 137 சிகரெட் அளவுக்கு நுண்துகளைக் கக்குகிறது என்று 2003இல் வெளியான ஓர் ஆய்வு சொன்னது. வீட்டுக்குள் சிகரெட் பிடித்தால் சண்டைக்கு வருகிற நாம் இதை மட்டும் தலைமாட்டில் வைத்துக்கொள்கிறோம்.

பிள்ளை பெற்ற வீட்டில் நிலைமை இன்னும் மோசம். குழந்தைக்குத் தலைக்கு ஊற்றியதும் அம்மாச்சி தூபக்காலில் கங்கு போட்டு, சாம்பிராணியைத் தூவி, புகை குப்பென்று எழும்பும்போது பிள்ளையை அதன்மேல் கவிழ்த்துப் பிடிப்பார். ஈரம் காய வேண்டும், சளி பிடிக்கக் கூடாது என்கிற அக்கறைதான். ஆனால் பெரியவர்கள் நிமிடத்துக்கு 12 முதல் 20 தடவை மூச்சு விட்டால், பச்சைக்குழந்தை 30 முதல் 60 தடவை விடுகிறது. சளிக்குப் பயந்து போடுகிற புகையே அந்தச் சின்ன மூச்சுக்குழலை உறுத்தி இருமலையும் இளைப்பையும் கொண்டுவரலாம். கங்கு மூட்டுகிற சிரமமாவது முன்பு ஒரு தடையாக இருந்தது. கம்ப்யூட்டர் சாம்பிராணி அதையும் நீக்கிவிட்டது; தீக்குச்சி போதும், இருவேளையும் புகை.

ஊதுபத்தியும் விலக்கல்ல. சிங்கப்பூர்ச் சீனர்கள் 61,000க்கும் மேற்பட்டோரைப் பல ஆண்டுகள் கவனித்து 2008இல் வெளியிட்ட ஆய்வில், நெடுங்காலம் ஊதுபத்திப் புகையில் புழங்கியவர்களுக்கு மேல் சுவாசப்பாதைப் புற்றுநோய்களில் சில வகைகள் கூடுதலாக வந்தது தெரிந்தது. சாமிக்குப் பத்தி ஏற்றாதே என்று யாரும் சொல்லவில்லை. ஒன்று போதும், ஜன்னல் திறந்திருக்கட்டும்.

அரசு மருத்துவமனையில் பிரசவித்த தாய்மாருக்காக 2015இல் தமிழக அரசு தொடங்கிய பரிசுப் பெட்டகத்தின் 16 பொருள்களில் துண்டும் இருந்தது, குழந்தைக்கான கொசுவலையும் இருந்தது. தலை துவட்ட அது, கொசுவுக்கு இது. வலையைப் பரண்மேல் போட்டுவிட்டுச் சுருள் வாங்குவானேன்? பச்சைஉடம்புக்காரி இருக்கும் வீட்டுக்கு வரும் கிராம சுகாதார செவிலியர், தடுப்பூசித் தேதியோடு இதையும் சொல்லிவிட்டுப் போகலாம். மகளிடம் சொல்லிப் பயனில்லை. அந்த வீட்டில் உத்தரவு போடுகிறவர் அம்மாச்சிதான். அவரிடம் சொல்ல வேண்டும்.